விட்டுக்கொடுத்த இருக்கைகள்

சேலத்திலிருந்து தருமபுரி நோக்கி வரும் நெடுஞ்சாலையில், நகரை அடைவதற்குச் சற்று முன்னர் அதியமான்கோட்டை என்னும் ஊர் உள்ளது. சங்ககாலத் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரை இன்றளவும் சுமந்து நிற்கும் ஊர் இது. இங்குள்ள அதியமான் கோட்டத்தில் மன்னனும் அவ்வையும் சிலைவடிவில் நிற்கின்றனர். அங்கு அழைத்து வரப்படும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் தவறாமல் சொல்வது நெல்லிக்கனியின் கதை. உண்டவரை நெடுநாள் வாழவைக்கும் என்று நம்பப்பட்ட, கிடைத்தற்கரிய கனியொன்றை மன்னன் தான் உண்ணவில்லை. அதன் பயனை வெளியே சொல்லாமல் தன் உள்ளத்தில் அடக்கிக்கொண்டு அவ்வைக்கு ஈந்தான். புறநானூற்றில் அவ்வை அதனை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

இக்கதையில் நாம் பெரும்பாலும் கவனியாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அதியமான் கொடுத்தது அவனுக்கே உரிய கனி. தன் வாழ்நாளைத்தான் அவன் கொடுத்தான். பிறருடைய வாழ்நாளை எடுத்து ஈந்து புகழ் பெறவில்லை. விட்டுக்கொடுத்தல் என்னும் பண்பை நிறுத்துப் பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான தராசு கிடைக்காது. இந்திய நாட்டின் ஒருமைப்பாட்டிற்காகக் கிறிஸ்தவ சமூகம் 1949-ஆம் ஆண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தது. அந்த வரலாறு நம் மறைக்கல்வி வகுப்புகளில் கற்பிக்கப்படுவதில்லை. நம் மறையுரைகளிலும் அரிதாகவே இடம்பெறுகிறது. அதனைத் தகடூர் மன்னனின் தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனி வாக்குச்சீட்டு

ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டமன்றங்கள் சிறிது சிறிதாக உருப்பெற்றபோது, 1909-இல் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறை வழங்கப்பட்டது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாகாணத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் அம்முறை வந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது. அச்சட்டப்படி சென்னைச் சட்டமன்றத்தின் கீழவையிலிருந்த 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு உரியவை. பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட 8 இடங்களிலும் ஒன்று கிறிஸ்தவப் பெண்ணுக்கு உரியது.

இம்முறை செயற்பட்ட விதத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த வயல்களில் உழும் இருவர் ஒரே ஏரியின் நீரைப் பாய்ச்சுகின்றனர். ஒரே வரியைச் செலுத்துகின்றனர். ஒரே பஞ்சத்தில் வாடுகின்றனர். ஆயினும் வாக்களிக்கும் நாளில் ஒருவர் இந்து என்பதால் ஒரு பட்டியலிலும், மற்றவர் கிறிஸ்தவர் என்பதால் வேறொரு பட்டியலிலும் நிற்பர். கிறிஸ்தவ வாக்காளர் கிறிஸ்தவ வேட்பாளருக்கே வாக்களிப்பார். ஏரி உடைந்தால் இருவர் நிலமும் பாழாகும். ஆனால் இருவரும் சேர்ந்து ஒரு பிரதிநிதியைக் கேள்வி கேட்க இயலாது. இந்து வேட்பாளர் கிறிஸ்தவர் வீட்டு வாயிலை மிதிக்கத் தேவையில்லை. கிறிஸ்தவ வேட்பாளரும் இந்துக்களின் துன்பத்தைக் கேட்டறியத் தேவையில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் ஒருவரையொருவர் அறியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

எனினும் அதனை வேண்டியவர்களை எளிதில் குறைகூறிவிடலாகாது. தஞ்சைத் தரணியைச் சேர்ந்த கத்தோலிக்கரும் நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவருமான சர் ஏ. டி. பன்னீர்செல்வம், 1931-இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டின்போது உருவான சிறுபான்மையினர் உடன்படிக்கையில் இந்தியக் கிறிஸ்தவர் சார்பில் கையெழுத்திட்டார். ஊர்தோறும் சிறு சிறு குழுக்களாகச் சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம், பெருந்திரளின் நடுவே தன் குரலை இழந்துவிடும் என்ற அச்சம் பொய்யான அச்சமன்று. 1940-இல் விமான விபத்தில் அவர் மறைந்தபோது தமிழகம் ஒரு திறமைமிக்க தலைவரை இழந்தது.

அதே சமூகத்தில் எதிர்க்குரலும் எழுந்தது. அக்குரலுக்கு உரியவர் நம் பகுதிக்காரர் என்பது நமக்குப் பெருமை. தருமபுரி 1965-இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதுவரை சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அந்தச் சேலத்தில் 1876-இல் பிறந்தவர் கே. டி. பால். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர், ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் அகில இந்தியப் பொதுச்செயலராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். கிராமப்புற உழவர்களின் கடன்சுமையைக் குறைக்கக் கூட்டுறவு இயக்கத்தில் உழைத்தவர். 1930-இல் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டவர். தம் சமூகத்தார்க்குத் தனித்தொகுதி வேண்டாம் என்பது அவருடைய நிலை. நாடு திரும்பிய சில மாதங்களில், 1931-இல் அவர் காலமானார். இரண்டாம் மாநாட்டில் டாக்டர் எஸ். கே. தத்தா அதே நிலையை எடுத்துரைத்தார். ஆயினும் 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதியை அளித்தது. ஆக, ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள் குடியுரிமை பற்றி இரு வேறு கருத்துடையவர்களாய் இருந்தனர்.

1949 மே மாதம்

நாடு விடுதலை பெற்ற சூழல் நாம் அறிந்ததே. பிரிவினையின் குருதி காயாத அந்நாளில், மக்களை மதவாரியாக வாக்களிக்கச் செய்த முறையே நாட்டைத் துண்டாடிற்று என்ற எண்ணம் தலைவர்கள் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. அரசியல் நிர்ணய சபை 1947 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதி முறையைக் கைவிட்டது. எனினும் சிறுபான்மையினருக்குப் பொது வாக்காளர் பட்டியலின் அடிப்படையிலேயே இட ஒதுக்கீடு தர இசைந்தது. அதன்படி மத்தியச் சட்டமன்றத்திலும், சென்னை, பம்பாய் மாகாணச் சட்டமன்றங்களிலும் மக்கள்தொகைக்கு ஏற்ப இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இடங்கள் கிடைத்திருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்குள் இந்த ஏற்பாடு மாறியது. சர்தார் வல்லபாய் படேல் தலைமையிலான ஆலோசனைக் குழு 1949 மே 11 அன்று கூடியபோது, பட்டியல் இனத்தவர் நீங்கலாக ஏனைய சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை நீக்கிவிடலாம் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தவர் டாக்டர் எச். சி. முகர்ஜி. அவர் வங்காளக் கிறிஸ்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் இருந்தவர். அரசியல் நிர்ணய சபையின் துணைத்தலைவர். பின்னாளில் மேற்கு வங்காள ஆளுநராகப் பணியாற்றி 1956-இல் மறைந்தவர். மே 25, 26 ஆகிய நாள்களில் சபை அம்முடிவை விவாதித்து ஏற்றுக்கொண்டது. சென்னை இலயோலா கல்லூரியின் முதல்வராய் இருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அச்சபையில் உறுப்பினர். அவரும் இம்முடிவை வரவேற்றார். இவ்வாறு, கிறிஸ்தவர் ஒருவரே எழுந்து கிறிஸ்தவர்களுக்குத் தனி இருக்கை வேண்டாம் என்று சொல்லும் காட்சியை அந்த மே மாதம் கண்டது.

இது வெறும் இழப்பாக முடியவில்லை. விட்டுக்கொடுத்த கைகளில் வேறொன்று வைக்கப்பட்டது. மனச்சான்றின் உரிமையோடு, மதத்தை ஏற்று ஒழுகவும் பரப்பவும் உரிமை உண்டு என்று அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு கூறுகிறது. ‘பரப்பவும்’ என்ற சொல் எளிதில் வந்துவிடவில்லை. 1948 டிசம்பரில் அச்சொல்லை நீக்க வேண்டும் என்று சபையில் பலர் வாதாடினர். அது சிறுபான்மையினர் குழுவில் எட்டப்பட்ட உடன்பாட்டின் பகுதி என்று கே. எம். முன்ஷி நினைவூட்டினார். தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் பயின்றதாகவும், தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்றும் டி. டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து சான்று பகர்ந்தார். அச்சொல் நிலைத்தது. அதற்குத் துணைநின்றது சட்டமன்ற இருக்கைகளின் எண்ணிக்கையன்று. நம் பள்ளிகளில் பயின்ற பிற சமயத்தவர் ஒருவரின் நல்லெண்ணம். சிறுபான்மையினருக்கு உறுதியான அரண் அண்டை வீட்டாரின் நம்பிக்கையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கடலுக்கு அப்பால்

ஒரு நாட்டின் ஒருமைப்பாட்டிற்கும் அந்நாட்டிலுள்ள சிறுபான்மையினரின் அடையாளத்திற்கும் இடையே எழும் இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. குடியேறியவர்களால் உருவான அமெரிக்காவும் இதனோடு போராடியது. அந்நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் 1915 அக்டோபர் 12 அன்று நியூயார்க் நகரில் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ‘ஐரிஷ்-அமெரிக்கர்’, ‘ஜெர்மன்-அமெரிக்கர்’ என்று சிறுகோடு இட்டு எழுதப்படும் குடியுரிமைக்கு நாட்டில் இடமில்லை, அமெரிக்கர் என்றால் அமெரிக்கரே என்பது அவ்வுரையின் சாரம். அவர் முன் அமர்ந்திருந்தவர்கள் கொலம்பஸ் வீரர்கள் சங்கத்தார். அது 1882-இல் மைக்கேல் மெக்கிவ்னி என்ற பங்குக்குரு தொடங்கிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பு.

அவ்வுரையில் ஓர் உண்மை இருந்தது. ஒரு குறையும் இருந்தது. பிறந்த நாட்டுப் பற்றையும் புகுந்த நாட்டுக் கடமையையும் குழப்பிக்கொள்ளலாகாது என்பது உண்மை. ஆனால் ‘அனைவரும் ஒன்றாகுங்கள்’ என்று சொல்பவர்கள் அனைவரையும் ஒன்றாக ஏற்றனரா என்பது வேறு கேள்வி. ஏழு ஆண்டுகள் கழித்து, 1922-இல் ஆரிகன் மாநிலம் குழந்தைகள் அனைவரும் அரசுப் பள்ளிகளிலேயே படிக்க வேண்டும் என்று சட்டமியற்றியது. தேச ஒருமைப்பாடு என்ற பெயரில் கத்தோலிக்கப் பள்ளிகளை மூடச்செய்யும் சட்டம் அது. பள்ளி நடத்திய அருட்சகோதரியர் வழக்குத் தொடுத்தனர். 1925-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் குடியுரிமை கேட்டபோது, அவர் வெள்ளையர் அல்லர் என்று சொல்லி 1923-இல் அதே நீதிமன்றம் மறுத்தது. இந்தியர்கள் அங்குக் குடியுரிமை பெறுவதற்கான சட்டம் 1946-இல்தான் வந்தது. 1960-இல் ஜான் கென்னடி தேர்தலில் நின்றபோதும், தாம் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்லர், தம் கட்சியின் வேட்பாளர், கத்தோலிக்கராகவும் இருக்கிறார், அவ்வளவே என்று ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டாண்டு போதகர்கள் முன் விளக்கம் சொல்ல நேர்ந்தது.

அமெரிக்கா கற்றுத்தரும் பாடம் இதுவே: ஒருமைப்பாட்டை மேடையில் முழங்குவது எளிது. அதன் விலையை யார் செலுத்துகிறார்கள் என்று கேட்டால்தான் அதன் உண்மை விளங்கும்.

ஒரு மன்றாட்டின் கதை

இந்தப் பாடத்தை நம் நாட்டில் எல்லோரினும் தெளிவாக உணர்ந்திருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று, அரசமைப்புச் சட்டம் நிறைவேறுவதற்கு முந்திய நாளில், அவர் ஆற்றிய உரையில் ஓர் அமெரிக்கத் திருச்சபையின் கதை வருகிறது. குருக்களாகிய எங்களைத் தனிப்பட்ட முறையில் தொடும் கதை அது. அங்குள்ள எபிஸ்கோப்பல் திருச்சபை தன் வழிபாட்டு நூலைத் திருத்தியபோது, நாட்டு மக்கள் அனைவருக்குமாகச் சிறு மன்றாட்டு ஒன்றைச் சேர்க்க முற்பட்டது. ‘எங்கள் தேசத்தை’ ஆசீர்வதிக்குமாறு இறைவனை வேண்டும் வாசகம் ஒரு பிற்பகலில் ஏற்கப்பட்டது. மறுநாள் பொதுநிலையினர் எதிர்ப்புத் தெரிவித்தனர்: நாம் இன்னும் ஒரே தேசம் ஆகிவிடவில்லையே! எனவே ‘தேசம்’ என்ற சொல் நீக்கப்பட்டு, ‘இந்த ஐக்கிய நாடுகள்’ என்று மாற்றப்பட்டது. அமெரிக்க அரசியல் பற்றி எழுதிய பிரைஸ் என்ற ஆங்கிலேயரின் நூலிலிருந்து இதனை எடுத்துக்காட்டிய அம்பேத்கர், அமெரிக்கர்களுக்கே அந்த ஐயம் இருந்ததென்றால், ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் நாம் ஒரு தேசம் என்று நம்புவது பெரும் மயக்கம் என்றார். சாதிகள் தேசத்திற்கு எதிரானவை. சகோதரத்துவம் இல்லாத இடத்தில் சுதந்திரமும் சமத்துவமும் வண்ணப்பூச்சாகவே நிற்கும் என்பது அவர் கருத்து.

ஞாயிறுதோறும் விசுவாசிகளின் மன்றாட்டில் நாமும் நம் நாட்டிற்காக வேண்டுகிறோம். அம்மன்றாட்டைச் சொல்லும் உதடுகளுக்கு அதனைச் சொல்லும் தகுதி உண்டா? இக்கேள்வியோடு மீண்டும் 1949-க்குத் திரும்புவோம்.

யாருடைய கனி?

இப்போது அதியமானின் தராசை எடுப்போம். அன்று விட்டுக்கொடுத்தவர்கள் கற்றவர்கள், நாட்டுப்பற்று மிக்கவர்கள், அவர்கள் எண்ணத்தின் தூய்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கப்பட்ட கனி முழுவதும் அவர்களுடையதா?

தமிழகக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தலித் மக்கள். 1936-இல் ஆங்கிலேய அரசு வெளியிட்ட பட்டியல் சாதியினர் ஆணை, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று கூறிவிட்டது. அன்று தலித் கிறிஸ்தவருக்கு ஒரு வாயில் அடைபட்டது. கிறிஸ்தவர்களுக்கான தனித்தொகுதி என்ற மறு வாயிலாவது பெயரளவில் திறந்திருந்தது. 1949-இல் அந்த வாயிலும் மூடப்பட்டது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து சமயத்தினின்று வேறான சமயத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்று முதல் வாயிலுக்கு மீண்டும் பூட்டுப் போட்டது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அப்பூட்டுத் திறக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர் வெளியிலேயே நின்றனர். தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர்.

இதன் பொருளை ஒரு வழக்கு விளக்கும். சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்துவந்தார் ஓர் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். அவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சிறு கடைகள் வழங்கும் திட்டம் 1982-இல் வந்தபோது, அவர் இந்து அல்லர் என்பதால் அவருக்குக் கடை கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் சாதியால் விளையும் இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதை மெய்ப்பிக்கப் போதிய சான்று இல்லை என்று 1985-இல் அவர் மனு தள்ளுபடியாயிற்று. அதே வெயில், அதே புழுதி, அதே ஊசி, அதே தோல். அருகிலிருந்தவருக்கு நிழல் கிடைத்தது. ஞானஸ்நானம் பெற்ற அவருக்குக் கிடைக்கவில்லை. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணையம் 2007-இல் இப்பாகுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. பின்னர் 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐ நாம் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகிறோம்.

ஆகவே 1949-இன் கணக்கு இருபக்கமும் எழுதப்பட வேண்டியது. வரவுப் பக்கத்தில் நாட்டின் நம்பிக்கை, மறைபரப்பு உரிமை, கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமை ஆகியவை உள்ளன. செலவுப் பக்கத்தில், அவையில் இருக்கை இல்லாத ஏழைக் கிறிஸ்தவரின் எதிர்காலம் உள்ளது. வரவைப் பெற்றவர்களும் செலவைச் செய்தவர்களும் ஒரே மக்கள் அல்லர்.

ஆலயத்துள் இருந்த இருக்கைகள்

அரசைக் குறைகூறி இங்கே நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் அந்தச் செருப்புத் தொழிலாளியின் வழக்கில் கேட்கப்பட்ட கேள்விக்கு, அதாவது கிறிஸ்தவத்திற்குள் சாதி தொடர்கிறதா என்பதற்கு, விடையளிக்க வேண்டியவர்கள் யார்? சான்று நம்மிடமே இருக்கிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயத்தில் மக்கள் அமரும் பகுதி இரண்டு கிளைகளாகப் பிரிந்து, பீடத்தின் அருகே மட்டும் ஒன்று சேரும். ஒரு கிளையில் வேளாளர். மறு கிளையில் ஏனையோர். இடையில் ஒரு சுவர். பலிபீடம் ஒன்று, அப்பம் ஒன்று, ஆண்டவர் ஒருவர். ஆனால் அருகிருப்பவரின் முகம் தெரியலாகாது என்று எழுப்பிய சுவர் அது. 1910-இல் கோசானெல் அடிகளார் அச்சுவரை இடிக்கச் செய்தார். இடிந்த சுவரை மீட்க விரும்பியவர்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது; சுவர் மீளவில்லை. கிறிஸ்து பகைமையின் தடைச்சுவரைத் தம் உடலில் தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதிய திருத்தூதர் பவுலின் சொற்களை அந்த ஆலயத்திலும் எத்தனை முறை வாசித்திருப்பார்கள்!

வடக்கன்குளத்துச் சுவர் வீழ்ந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. ஆயினும் 2016-இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் நிலவுவதை ஒப்புக்கொண்டு, அதனைப் பாவம் என்றே கண்டிக்க வேண்டியிருந்தது. தனிக் கல்லறை, தனித் தேர்ப்பாதை, திருவிழா வரி வாங்கும்போது காட்டும் வேற்றுமை ஆகியவற்றைக் கேள்விப்படாத குரு தமிழகத்தில் எவரும் இருக்கமாட்டார். சட்டமன்றத்தில் தனி இருக்கை வேண்டாம் என்று நாட்டிற்கு அறிவித்த அதே சமூகம், ஆண்டவரின் இல்லத்தில் தனி இருக்கையைக் காத்துவந்தது. இந்த முரணை நாம் இன்னும் முழுமையாக அறிக்கையிடவில்லை.

நகரின் நலம்

குடிமைப் பண்பு என்றால் என்ன? கொடியேற்றுவதும் தேசியகீதம் பாடுவதும் அதன் அடையாளங்கள். அவையே அது ஆகிவிடா. பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு எரேமியா இறைவாக்கினர் எழுதிய மடலை நினைவுகூர்வோம். பகைவரின் நகரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நகரின் நலனுக்காக உழைத்து மன்றாடுங்கள், அதன் நலத்தில்தான் உங்கள் நலமும் இருக்கிறது என்பது அம்மடலின் செய்தி. அந்நியரின் நகருக்கே அப்படியென்றால், பிறந்த மண்ணுக்கு நாம் கடன்பட்டது எவ்வளவு! மறுவுலகையே நோக்கி இவ்வுலகக் கடமைகளைத் தட்டிக்கழிப்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்ற ஏட்டில் உணர்த்தியது.

பங்குப் பணியில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தெருவிளக்கு எரியவில்லை, முதியோர் உதவித்தொகை வரவில்லை, பட்டா கிடைக்கவில்லை என்றால் நம் மக்கள் பங்கு இல்லத்திற்கு வருகிறார்கள். “சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்” என்கிறார்கள். அந்த அன்பு என்னை நெகிழச் செய்கிறது. அதன் பின்னாலுள்ள மனநிலை என்னை வருந்தச் செய்கிறது. தனித்தொகுதி சட்டத்திலிருந்து மறைந்துவிட்டது. நம் மனத்திலிருந்து மறையவில்லை. அன்று கிறிஸ்தவ உறுப்பினர் இருந்த இடத்தில் இன்று பங்குக்குருவை வைத்திருக்கிறோம். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் கூடும் கிராமசபையில் எழுந்து நின்று கேட்க வேண்டிய குடிமகன், கோவில் வாசலில் கைகட்டி நிற்கிறான். அதற்கு எங்களைப் போன்ற குருக்களும் காரணம். இடைத்தரகராய் இருப்பதில் கிடைக்கும் மதிப்பை நாங்கள் எளிதில் விட்டுவிடுவதில்லை.

நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. பல்லைக் கறையாக்கி எலும்பை வளைக்கும் அந்த நஞ்சு, குடிப்பவர் எந்தச் சமயத்தவர் என்று பார்ப்பதில்லை. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரி நீரும் அவ்வாறு பார்ப்பதில்லை. குழாயில் நீர் வராத தெருவில் எல்லோரும் சேர்ந்து நிற்கும்போதுதான் நாம் உண்மையில் பொது வாக்காளர் பட்டியலில் சேர்கிறோம். அதே மாவட்டத்தில்தான் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணமாக்கி, நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. அந்த மாலையில் எரிந்தவை ஒரு சாதியாரின் கூரைகள் மட்டுமல்ல; அம்பேத்கர் சொன்ன சகோதரத்துவமும் எரிந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் நம் ஆலயப் பதிவேட்டில் இருந்தார்களா இல்லையா என்பது அன்று எழ வேண்டிய கேள்வியே அன்று. நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் அவன் சமயத்தைக் கேட்கவில்லை.

தேச ஒருமைப்பாடு தில்லியில் தொடங்குவதன்று. அடுத்த தெருவில் தொடங்குவது. அடுத்த தெருவில் நுழையத் தயங்கும் கால்கள் தேசபக்தி ஊர்வலத்தில் எவ்வளவு தூரம் நடந்தாலும் நாட்டைச் சென்றடையா.

1949-இல் நம் முன்னோர் விட்டுக்கொடுத்த இருக்கைகளை இன்று திரும்பக் கேட்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அவர்கள் நாட்டின்மீது வைத்த நம்பிக்கை உயர்ந்தது. அந்த நம்பிக்கை சோதிக்கப்படும் காலங்களிலும் அதனைக் கைவிடாதிருப்பதே நம் கடன். தலித் கிறிஸ்தவருக்கு உரிய நீதியைக் கேட்பதும் அந்த நம்பிக்கையின் பகுதியே. உரிமையைக் கேட்பவன் நாட்டைப் பிரிப்பவன் அல்லன். இந்நாடு எனக்கும் உரியது என்று நம்புகிறவனே அதனிடம் உரிமை கேட்பான்.

ஆனால் நீதி கேட்கும் வாய்க்குத் தகுதி வேண்டும். அதியமான் தன் கனியைக் கொடுத்தான். நம் முன்னோர் கொடுத்ததில் பாதி பிறருடைய கனி. உண்மையில் நமக்கே உரிய, நாம் மட்டுமே விட்டுக்கொடுக்கக்கூடிய இருக்கை ஒன்று இன்னும் நம்மிடம் மீதமிருக்கிறது. அது சாதி என்னும் இருக்கை. அதனை விட்டு எழுவதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை. எவருடைய கையெழுத்தும் தேவையில்லை. வரும் ஞாயிறன்று நாட்டிற்கான மன்றாட்டைச் சொல்லும் முன், நம் பக்கத்தில் நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். அவருடைய வீட்டில் நாம் என்றேனும் உணவு உண்டிருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்போம். அதன்பின் ‘எங்கள் நாடு’ என்று சொல்லி மன்றாடுவோம்.